விரித்துப் பார்த்தால்: மடிப்புக் கைப்பேசியா, தட்டைக் கைப்பேசியும் டேப்லெட்டுமா?

மடிப்புக் கைப்பேசியை முதன்முறையாக விரித்துப் பார்க்கும் எவருக்கும் உடனே வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். உள்ளங்கையில் அடங்கியிருந்த ஒரு பொருள் புத்தகம்போலத் திறந்து, அதுவரை இல்லாத ஒரு பெரிய தொடுதிரை ஒளிர்ந்து எழும் அந்தக் கணத்தில் விலைச்சீட்டு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் முடிவெடுக்க அந்தக் கணம் உதவாது. வாங்கி நாற்பது நாள் ஆனபின், ஒரு கையில் பையுடன் நின்றுகொண்டு, வந்திருக்கும் ஒரு செய்தியைப் படிக்கும்போது அதை விரிக்கத் தோன்றுகிறதா, இல்லை வெளித்திரையிலேயே பார்த்துவிட்டுப் பைக்குள் போடத் தோன்றுகிறதா என்பதில்தான் அந்தப் பணம் செரித்ததா இல்லையா என்பது இருக்கிறது. இத்தகைய கைப்பேசி ஒன்றைச் சில மாதங்கள் அன்றாடம் பயன்படுத்திவிட்டு, இப்போது சாதாரணக் கைப்பேசிக்கும் சிறிய டேப்லெட்டுக்கும் திரும்பியிருப்பதால், இந்த ஒப்பீட்டைக் கடைக்கண்ணாடிக்கு வெளியே நின்று எழுதவில்லை.

வாங்க நினைப்பவர் முன்னால் உண்மையில் மூன்று வழிகள் இருக்கின்றன. புத்தகம்போல விரியும் மடிப்புக் கைப்பேசி ஒன்று. அதே நிறுவனங்களின் உயர்ரகத் தட்டைக் கைப்பேசி மற்றொன்று. நடுத்தர விலையில் ஒரு கைப்பேசியையும் எட்டு அங்குல அளவில் ஒரு டேப்லெட்டையும் சேர்த்து வாங்குவது மூன்றாவது. பவுடர் டப்பாபோலக் குறுக்கே மடியும் சிறிய வகையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது விரிந்தாலும் சாதாரணக் கைப்பேசியின் அளவுதான். சட்டைப்பையில் அடங்கும் வசதிக்காக வாங்குவதென்றால் வாங்கலாம், பெரிய திரைக்காக அதை வாங்குவோர் யாருமில்லை.

முதலில் அளவைப் பார்ப்போம், ஏனெனில் விளம்பரங்கள் அதிகம் பேசுவதும் குறைவாகச் சொல்வதும் இதைப் பற்றித்தான். 2025 ஜூலையில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 7-இன் உள்திரை மூலைக்கு மூலை 8 அங்குலம். அதே ஆண்டின் தட்டை மாடலான எஸ் 25 அல்ட்ராவின் திரை 6.9 அங்குலம். ஓர் அங்குலம்கூட இல்லாத வேறுபாடுதானே என்று தோன்றும், ஆனால் அப்படியில்லை. மடிப்புத் திரை ஏறக்குறையச் சதுரம். தட்டைத் திரை நீண்ட பட்டை. பரப்பளவாகக் கணக்கிட்டால் முன்னதற்குச் சுமார் 205 சதுர சென்டிமீட்டர், பின்னதற்கு 117. அதாவது முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் இடம் கிடைப்பதாக நிறுவனம் சொன்னால் அது பொய்யன்று.

ஆனால் அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறிவிடுகிறது. அகலமான ஒரு காணொளியை ஓடவிடுங்கள். சதுரத் திரையில் மேலும் கீழும் தடித்த கறுப்புப் பட்டைகள் விழுந்து, படம் நடுவில் 128 சதுர சென்டிமீட்டரில் ஓடுகிறது. தட்டைக் கைப்பேசியில் அதே படம் 96. முக்கால் பங்கு கூடுதல் என்று வாங்கிய திரை, படம் பார்க்கும்போது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுதல் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இதே காணொளியை 8.3 அங்குல ஐபேட் மினியில் பார்த்தால் சுமார் 175 சதுர சென்டிமீட்டருக்கு விரிகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த டேப்லெட்டின் மொத்தப் பரப்பளவும் ஃபோல்டு 7-இன் உள்திரைப் பரப்பளவும் ஏறத்தாழ ஒன்றேதான். நீள அகல விகிதம் மட்டும் மாறியதில் படம் இவ்வளவு வளர்ந்துவிட்டது. ஆகவே படமும் விளையாட்டு நேரலையும் பார்ப்பதற்காகவே மடிப்புக் கைப்பேசி வேண்டும் என்பவர், தம் தேவைக்குப் பொருந்தாத வடிவத்துக்கு மிக அதிக விலை கொடுக்கிறார் என்றே சொல்வேன்.

படிப்பதற்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கேதான் இந்தக் கருவி தன் புகழுக்குத் தகுதியாகிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏ4 தாளில் 11 புள்ளி எழுத்தில் தட்டச்சான ஒரு பிடிஎஃப் ஆவணத்தை எடுத்துக்கொள்வோம். தட்டைக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, பக்கத்தின் அகலம் திரைக்குள் அடங்குமாறு வைத்தால், எழுத்து மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுத்து, நான்கு புள்ளிக்கும் கீழே போய்விடுகிறது. ஆங்கில எழுத்தாக இருந்தால் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்துவிடலாம். தமிழில் அந்த அளவில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகத் தெரியும். மடிப்புக் கைப்பேசியின் உள்திரையில் அதே பக்கம் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு, ஏழு புள்ளி எழுத்தாக வருகிறது. திரையை நகர்த்தி நகர்த்திப் பெரிதாக்காமல், மேலிருந்து கீழாக மட்டும் தள்ளிக்கொண்டே ஒரு நீண்ட ஒப்பந்தத்தை முழுக்கப் படித்து முடிக்கலாம். நிமிர்த்திப் பிடித்த ஐபேட் மினியில்கூட இது 55 விழுக்காடுதான். அதைப் படுக்கைவாக்கில் திருப்பினால் மட்டுமே எழுத்து இதைவிடப் பெரிதாகும். சதுரத் திரையின் குறை என்று சற்றுமுன் சொன்ன அதே வடிவம் படிப்பவருக்கு நிறையாகிவிடுகிறது. நான் அந்தக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபின் உண்மையில் ஏங்கியது இந்த ஒன்றுக்காக மட்டும்தான்: வரிசையில் நின்றபடி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, கண்ணாடி தேடாமல் படித்த பிடிஎஃப்கள்.

பக்கத்தில் பக்கம் இரண்டு செயலிகளைத் திறந்து வேலைபார்க்கலாம் என்பது விளம்பரத்தின் அடுத்த வாக்குறுதி. பார்ப்பதற்கு முடியும், எழுதுவதற்கு முடியாது என்பது என் அனுபவம். இடப்பக்கம் ஒரு மின்னஞ்சலையும் வலப்பக்கம் ஒரு நாட்காட்டியையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நன்றாகவே நடக்கிறது. ஆனால் பதில் எழுத விரலை வைத்த உடனே விசைப்பலகை எழும்பித் திரையின் கீழ்ப்பாதியை விழுங்கிவிடும்; மிச்சமிருக்கும் இரண்டு குறுகிய சன்னல்களில் நான்கைந்து வரிகளுக்கு மேல் தெரியாது. தமிழ்99 விசைப்பலகையில் எழுதுபவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விரித்த நிலையில் இரு கட்டைவிரல்களும் நடுவிலுள்ள விசைகளை எட்டுவதில்லை. பலகையை இரண்டாகப் பிளந்து ஓரங்களுக்குத் தள்ளும் வசதியைப் பயன்படுத்தினால் விசைகள் எட்டும், ஆனால் கை பழகிய இடங்கள் மாறிவிடும். சிலநாள் முயன்றபின், எதையாவது எழுதவேண்டியிருந்தால் கைப்பேசியை மடித்து வெளித்திரையில் எழுதினேன். பெரிய திரைக்குப் பணம் கொடுத்துவிட்டு எழுதுவதற்கு அதை மூடுவது சற்று வெட்கமாகத்தான் இருந்தது. நல்லவேளையாகப் புதிய மாடல்களில் வெளித்திரை சாதாரணக் கைப்பேசியின் அகலத்துக்கு வந்துவிட்டது. பழைய மாடல்களின் வெளித்திரை ரிமோட் கண்ட்ரோல்போல அவ்வளவு ஒல்லியாக இருந்தது.

பேனாவால் எழுதுவோருக்கு ஒரு செய்தி. 2021-இன் ஃபோல்டு 3 முதல் ஃபோல்டு 6 வரை சாம்சங்கின் உள்திரையில் தனிப் பேனா வேலைசெய்தது. ஃபோல்டு 7-ஐ மெல்லியதாக்குவதற்காக அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதே நிறுவனத்தின் தட்டை மாடலில் பேனா உடலுக்குள்ளேயே செருகி வருகிறது. ஐபேட் மினிக்கும் பேனா உண்டு. குறிப்பெடுப்பதும் வரைவதும்தான் நோக்கம் என்றால் இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும்.

இனி, நெடுநாள் உழைக்குமா என்பது. மடிப்புக் கைப்பேசிகளின் தொடக்கக் கதை நல்ல பெயரோடு தொடங்கவில்லை. 2019 பிப்ரவரியில் முதல் கேலக்ஸி ஃபோல்டு அறிவிக்கப்பட்டு ஏப்ரலில் விற்பனைக்கு வருவதாக இருந்தது. மதிப்பீட்டுக்காக முன்கூட்டியே அனுப்பப்பட்ட கருவிகள் சில நாள்களிலேயே பழுதாயின. திரைமேல் இருந்த படலத்தைச் சாதாரண ஒட்டுறை என்று நினைத்துச் சிலர் உரித்துவிட, திரையே போனது. வேறு சிலவற்றில் கீலின் இடைவெளி வழியே துகள்கள் உள்ளே புகுந்தன. விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அதன்பின் நிலைமை பெரிதும் தேறியிருக்கிறது. 2020-இல் வந்த, குறுக்கே மடியும் சாம்சங்கின் இசட் ஃப்ளிப், பிளாஸ்டிக்குக்குப் பதிலாகச் சுமார் 30 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள மிக மெல்லிய கண்ணாடியைக் கொண்டுவந்தது. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி அது. ஒரு பொருளை வளைக்கும்போது அதன் மேற்பரப்பு எவ்வளவு இழுபடுகிறது என்பது அதன் தடிமனைப் பொறுத்தது. தடிமன் குறையக் குறைய இழுவிசை குறையும், அதனால்தான் அவ்வளவு மெல்லிய கண்ணாடி உடையாமல் வளைகிறது.

ஆனால் விரல் தொடுவது அந்தக் கண்ணாடியை அன்று. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. நகத்தை அழுத்தி இழுத்தால் தடம் விழக்கூடிய அளவுக்கு அது மென்மையானது. தட்டைக் கைப்பேசியின் கண்ணாடியைப் பையிலுள்ள சாவி கீறுவதில்லை, மணல்தான் கீறும்; இங்கே சாவிக்கும் அஞ்ச வேண்டும், மூடும்போது இடையில் சிக்கும் ஒரு மணற்பருக்கைக்கும் அஞ்ச வேண்டும். நீர் பற்றிய கவலை 2021 முதலே குறைந்துவிட்டது. தூசிதான் நெடுநாள் தலைவலி. ஃபோல்டு 7-க்குக் கிடைத்திருக்கும் தரக்குறியீடு ஐபி48. அதில் கடைசி எண் நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதைச் சொல்கிறது. முதலில் உள்ள 4, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள்களைத்தான் தடுக்கும் என்பதைச் சொல்கிறது. மென்மணல் அதைவிடச் சிறியது. 2025-இல் வந்த கூகுள் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டுதான் தூசி முற்றிலும் புகாத ஐபி68 தரத்தை இவ்வகைக்குக் கொண்டுவந்தது. கடற்கரை, கட்டுமான இடம், வயல் என்று மண் பறக்கும் இடங்களில் வேலை உள்ளவர்கள் இந்த இரண்டு எண்களை மற்ற எல்லா அம்சங்களுக்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

இரண்டு இலட்சம் முறை மடித்தாலும் தாங்கும் என்று முதல் மாடலுக்குச் சொன்னார்கள். ஃபோல்டு 7-க்கு ஐந்து இலட்சம் என்கிறார்கள். நாளுக்கு நூறு முறை திறந்தாலும் இரண்டு இலட்சத்தை எட்ட ஐந்தரை ஆண்டு ஆகும். இந்த எண்ணிக்கையைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. சோதனைக்கூடத்தில் இயந்திரம் சுத்தமான காற்றில், ஒரே சீரான விசையோடு மடிக்கிறது. மனிதர் அவசரத்தில் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிறார், கீழே போடுகிறார், சாப்பிட்ட கையோடு மூடுகிறார்.

நான் பயன்படுத்திய கைப்பேசியில் மடிப்புக்கோடு உடையவில்லை. அதற்குப் பதிலாக, நான்காம் மாதத்தில், அந்தக் கோட்டின் நடுவே படலம் அரிசிமணி அளவுக்குக் குமிழ்விட்டு எழும்பியது. முதலில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. ஒரு வாரத்தில் கோடு முழுக்கப் பரவி, விரலை இடமிருந்து வலமாக இழுக்கும்போதெல்லாம் மெழுகுத்தாளைத் தடவுவதுபோல ஒரு சிறு சத்தம் கேட்கத் தொடங்கியது. திரை நன்றாகவே வேலைசெய்தது, பார்க்கத்தான் சகிக்கவில்லை. தட்டைக் கைப்பேசியானால் பழைய ஒட்டுறையை உரித்தெறிந்து புதிதை நானே ஒட்டியிருப்பேன், ஐந்து நிமிட வேலை. இங்கே படலத்தை வீட்டில் உரிக்கவே கூடாது என்பது விதி. சேவை மையத்தில் கைப்பேசியை விட்டுவிட்டு, இரண்டு நாள் பழைய கைப்பேசியோடு திண்டாடி, திரும்ப வாங்கினேன். உத்தரவாதக் காலம் என்பதால் செலவில்லை. “உத்தரவாதம் முடிந்தபின் உள்திரையே போய்விட்டால் எவ்வளவு ஆகும்?” என்று அங்கே இருந்தவரிடம் கேட்டேன். “அதை இப்போது ஏன் கேட்கிறீர்கள்?” என்றார். அவர் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல நடுத்தரக் கைப்பேசியே வாங்கிவிடலாம்.

எடையிலும் தடிமனிலும் பழைய குறைகள் இனி செல்லாது. 2020-இன் ஃபோல்டு 2-இன் எடை 282 கிராம், மடித்தால் கீல் பக்கம் பதினாறு மில்லிமீட்டருக்கும் மேல். சட்டைப்பையைக் கீழே இழுக்கும். ஃபோல்டு 7-இன் எடை 215 கிராம், மடித்த தடிமன் 8.9 மில்லிமீட்டர். தட்டையான எஸ் 25 அல்ட்ராவின் 218 கிராமைவிட இது குறைவு. பொறியியலாகப் பார்த்தால் வியக்கத்தக்க முன்னேற்றம்தான். அந்த மெலிவுக்கு விட்டுக்கொடுத்தது என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேட்டரி 4,400 மில்லியாம்பியர் மணி. தட்டை மாடலில் 5,000. பெரிய திரைக்குச் சிறிய பேட்டரி என்றால் மாலையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கேமராவில் தொலைவுப் படத்துக்கு மூன்று மடங்கு லென்ஸ் ஒன்றோடு நின்றுவிடுகிறது. தட்டை மாடலில் அதற்கு மேல் ஐந்து மடங்கு லென்ஸ் ஒன்றும் உண்டு. அதிக விலைக்குக் குறைந்த கேமரா என்பதை ஏற்றுக்கொள்ளச் சிலருக்குக் கடினமாக இருக்கும். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

மூன்றாவது வழியான கைப்பேசியும் டேப்லெட்டும் என்ற இணையை நான் விரும்புகிறேன் என்றாலும், அதன் பெரிய பலவீனத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. டேப்லெட் வீட்டிலேயே கிடக்கும். ஐபேட் மினி 293 கிராம்தான், பையில் வைத்தால் தெரியவே தெரியாது. ஆனாலும் வெளியே கிளம்பும்போது கை அதைத் தேடுவதில்லை. மின்னூட்டம் போட மறந்திருப்போம், கைப்பேசியில் இறக்கிய கோப்பு அதில் இருக்காது, இணையத்துக்குக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் அற்பம். மூன்றும் சேரும்போது, “போகட்டும், இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்” என்று சிறிய திரைக்கே திரும்பிவிடுகிறோம். மடிப்புக் கைப்பேசி விற்பது பெரிய திரையை என்பதைவிட, எப்போதும் கூடவே வரும் பெரிய திரையை என்பதே சரி. அந்த ‘எப்போதும்’ என்ற சொல்லுக்குத்தான் விலை.

அந்த விலை எவ்வளவு என்பதை அமெரிக்க அறிமுக விலைகளின் விகிதமாகப் பார்க்கலாம். ஃபோல்டு 7-இன் தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு எஸ் 25 அல்ட்ரா கிடைக்கும். கால் பங்குக்கு ஐபேட் மினி கிடைக்கும். இன்னொரு கால் பங்குக்குத் தாராளமான நடுத்தரக் கைப்பேசி. அதாவது இணையாக வாங்குபவர் கையில் பாதிப் பணம் மிஞ்சுகிறது, ஒன்று உடைந்தாலும் மற்றொன்று இருக்கிறது. 2019-இன் முதல் மாடலைவிட 2025-இன் ஏழாம் மாடலின் அறிமுக விலை குறைவாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பம் முதிர்ந்தால் விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களுக்கு மெலிவும் உறுதியும் கிடைத்தன, மலிவு கிடைக்கவில்லை. மென்பொருள் மேம்பாடு ஏழு ஆண்டுக்கு உண்டு என்ற உறுதிமொழி தட்டை மாடலுக்கும் மடிப்பு மாடலுக்கும் ஒன்றுபோலவே வழங்கப்படுகிறது. ஏழாம் ஆண்டில் மென்பொருள் இருக்கும், அந்தப் படலமும் கீலும் அப்போது எந்த நிலையில் இருக்கும் என்பதுதான் கேள்வி.

என் தீர்ப்பு பெரும்பாலானோருக்கு மூன்றாவது வழியின் பக்கம்தான் சாய்கிறது. படம் பார்ப்பவர், குழந்தைகளோடு திரையைப் பகிர்பவர், குறிப்பெடுக்கும் மாணவர், கைப்பேசியை அடிக்கடி கீழே போடுபவர் ஆகியோருக்கு மடிப்புத் திரை தேவையற்ற செலவு. கேமராவும் பேட்டரியும் முதன்மை என்பவருக்குத் தட்டை உயர்ரகம் போதும். மாறாக, நாள் முழுக்க அலைந்துகொண்டே வரைபடங்களும் ஒப்பந்தங்களும் அட்டவணைகளும் பார்க்கவேண்டிய வேலையில் இருப்பவர், மடிக்கணினியைத் திறக்க இடமில்லாத இடங்களில் முடிவெடுக்கவேண்டியவர், அவருக்கு இது ஆடம்பரமே அன்று. வாங்கிய மறுவாரமே விலையை மறந்துவிடுவார். என் நண்பர் ஒருவர் கட்டட வரைபடங்களோடு நாள்தோறும் மாடிப்படிகளில் ஏறி இறங்குபவர்; நான் திருப்பிக் கொடுத்த கைப்பேசியை இப்போது அவர்தான் வைத்திருக்கிறார், அதை மடித்த நிலையில் நான் பார்த்ததே அரிது.

இன்னும் ஐயம் தீராதவர் ஒரு வாரம் ஒரு சிறு வேலை செய்து பார்க்கலாம். இப்போதுள்ள கைப்பேசியில், எழுத்தைப் பெரிதாக்க இரண்டு விரல்களால் திரையை விரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டு வையுங்கள். அப்போது நின்றுகொண்டிருந்தீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா என்பதையும் குறியுங்கள். உட்கார்ந்திருந்தபோது போட்ட கோடுகள் அனைத்தும் டேப்லெட்டின் கணக்கு. நின்றபோது போட்டவை மட்டுமே மடிப்புக் கைப்பேசியின் கணக்கு. எனக்கு ஒரு வாரத்தில் அப்படி மூன்று கோடுகள்தான் தேறின. உங்களுக்கு நாளுக்கு மூன்று தேறினால் தயங்காமல் கடைக்குப் போகலாம். போனதும் விரித்து வியப்பதற்கு முன்னால், உத்தரவாதத்துக்குப் பிந்தைய உள்திரை மாற்றுச் செலவையும், படலம் மாற்றிக் கொடுப்பதற்கான விதிமுறையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.